பறக்கும் பருந்தையும் கழுகையும் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வயல்வெளி, ஏரி, கடற்கரை ஆகிய இடங்களில் பறக்கும் வேட்டைப் பறவைகளைப் படமெடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேமரா அமைப்புகள் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வரும். எங்கே நிற்பது என்று கேட்பவர்கள் குறைவு. படத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

எந்தப் பறவையில் தொடங்குவது?

கரும்பருந்தில். இறைச்சிக் கடை, மீன் சந்தை, குப்பைக் கிடங்கு என எங்கும் இருக்கிறது. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். வட்டமடித்துத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும், மனிதர்களைப் பொருட்படுத்தாது. ஒரு காலையில் ஐந்நூறு வாய்ப்புகளை வேறு எந்தப் பறவையும் தராது. இதை எடுத்துப் பழகாமல் மின்னல் வேகத்தில் பாயும் பொரி வல்லூறை நேரே தேடிப் போவது வீண் அலைச்சல்.

அடுத்தது செம்பருந்து. பிறகு கருந்தோள் பருந்து. இது அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும் என்பதால் ஃபோகஸ் செய்ய நேரம் கிடைக்கும், ஆனால் உருவம் சிறியது. பூனைப்பருந்துகளும், மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பானும் குளிர்கால வருகையாளர்கள், அக்டோபர் முதல் மார்ச் வரை. மரங்களுக்கிடையே அம்புபோல் பாயும் வைரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இவை எல்லாவற்றையும் ‘கழுகு’ என்று சொல்லிவிடுகிறோம். வாலைப் பாருங்கள். நுனி உள்வாங்கி மீன்வால் போல இருந்தால் கரும்பருந்து. வட்டமாக விசிறி போல இருந்தால் செம்பருந்து.

எங்கே நிற்க வேண்டும்?

வெயிலும் காற்றும் இரண்டுமே உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வெயில் சங்கதி எல்லோருக்கும் தெரியும். காற்றைப் பலர் கவனிப்பதில்லை. எந்தப் பறவையும் காற்றை எதிர்த்தே கிளம்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். அந்தரத்தில் நிற்கும் கருந்தோள் பருந்தின் முகம் எப்போதும் காற்று வரும் திசையில்தான் இருக்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவையின் முகம் உங்களை நோக்கியிருக்கும். உங்கள் முகத்தில் அடித்தால் நாள் முழுக்க வாலைத்தான் படமெடுப்பீர்கள்.

இதை வைத்து நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வரும். காலை வெயிலும் கிழக்கில். இரண்டும் ஒத்துப்போவதால் அந்த மாதங்களில் காலை நேரம் பொன்னானது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது காற்று மேற்கிலிருந்து வரும், ஆகவே மாலையில் போங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஒரு சிக்கல் உண்டு. பருவக்காற்று ஓய்ந்த நாட்களில் அதிகாலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். பறவை மேற்கே பார்க்கும், சூரியனோ கிழக்கில். பிற்பகலில் கடற்காற்று வந்ததும் பறவை கிழக்கே திரும்பிவிடும், சூரியன் மேற்கே போய்விடும். அப்படிப்பட்ட நாளில் முகத்துக்கு நேராக எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, கரையோரமாக வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்று பக்கவாட்டுப் படங்களுக்கு முயலுங்கள். கன்னியாகுமரிக்கு மேற்கே, அரபிக் கடலோரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே மாலையில் கடற்காற்றும் வெயிலும் ஒரே திசையிலிருந்து வரும்.

காற்றின் திசை தெரியாவிட்டால் ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தூவிப் பாருங்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைகளைப் பார்த்தாலும் போதும். காற்று பலமாக இருந்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்? 300 போதாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு ஃப்ரேம் கேமராவில் (சென்சாரின் அகலம் 36 மி.மீ.) 600 மி.மீ. லென்ஸ், 50 மீட்டர் தொலைவில் 3 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். ஒன்றரை மீட்டர் விரியும் கரும்பருந்து அதில் பாதியை நிரப்பும். 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 6000 பிக்சல், ஆகவே பறவைக்கு 3000 பிக்சல் கிடைக்கிறது. 100 மீட்டரில் அது 1500 ஆகும், 200 மீட்டரில் 750. கைபேசியில் பகிர 1500 போதும். பெரிதாக அச்சிட 3000 வேண்டும். 750-இல் இறகு விவரம் எதுவும் மிஞ்சாது. பறவையை அடையாளம் காண மட்டும் உதவும்.

சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் 400 மி.மீ. லென்ஸே இதே கணக்கைத் தந்துவிடும். தொடங்குபவருக்கு நாங்கள் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான். எடை குறைவு, கை வலிக்காது. 150–600, 200–600 வகை ஜூம்கள் இரண்டு கிலோ அளவுக்கு வரும். பத்து நிமிடம் வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்த பிறகே அந்த எடை புரியும். வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

300 மி.மீ. மட்டும் இருந்தால் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போங்கள். அங்கே செம்பருந்தும் கரும்பருந்தும் பதினைந்து, இருபது மீட்டரில் வரும். லென்ஸில் இல்லாத நீளத்தை இடம் கொடுத்துவிடும். உள்ளே போகுமுன் அனுமதி கேளுங்கள். வலை இறக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டி நீளத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர்? எஃப் 6.3 ஜூமில் 1.4 மடங்கு மாட்டினால் எஃப் 9 ஆகிவிடும் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் திறப்பு சிறியது, வெளிச்சம் குறைவு). ஃபோகஸ் தடுமாறும், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) இரட்டிப்பாகும். பறக்கும் பறவைக்கு வேண்டாம்.

ஷட்டர் வேகம் எவ்வளவு?

வட்டமடிக்கும் பருந்துக்கு 1/1600 நொடி. சிறகடித்து வேகமாகப் போகும் பறவைக்கு 1/2500. மீனைப் பிடிக்கப் பாயும் தருணத்துக்கு 1/3200.

ஏன் இவ்வளவு? முன்பு சொன்ன அதே 50 மீட்டர், 600 மி.மீ. உதாரணத்தில் ஒரு மீட்டருக்கு 2000 பிக்சல் விழுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பருந்து, ஒரு நொடியில் 20,000 பிக்சலைக் கடக்கும். கேமராவை அசைக்காமல் 1/2000-இல் எடுத்தால் அந்த இமைப்பொழுதில் 10 பிக்சல் நகர்ந்திருக்கும். படம் மழுங்கிவிடும். பறவையோடு சேர்த்து லென்ஸைச் சீராக நகர்த்தினால்தான் அது ஓரிரு பிக்சலாகக் குறையும். ஆகவே ஷட்டர் வேகம் மட்டுமே காப்பாற்றாது. கை நகர்வும் சரியாக இருக்க வேண்டும்.

அபெர்ச்சரைப் பெரும்பாலும் லென்ஸின் முழுத் திறப்பிலோ, அதிலிருந்து கால், அரைப் படி மூடியோ வைக்கலாம் (ஒரு படி என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). 600 மி.மீ., எஃப் 6.3-இல் 50 மீட்டரில் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஆழம் தெளிவாக வரும், பறவை முழுவதும் அடங்கும். 20 மீட்டரில் அந்த ஆழம் 40 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். நேரே உங்களை நோக்கி வரும் பறவையின் அலகில் ஃபோகஸ் விழுந்தால் வால் மங்கும். அது குறையல்ல. கண் தெளிவாக இருந்தால் போதும். அந்தத் தொலைவில் வெளிச்சம் இடம் கொடுத்தால் எஃப் 8-க்குப் போங்கள்.

பறவை கறுப்பு உருவமாக வருகிறது. என்ன செய்வது?

வெளிறிய வானத்தைப் பார்த்து கேமரா ஏமாந்துவிடுகிறது. தானியங்கி அளவீட்டில் எடுத்தால் வானப் பின்னணிக்கு +1 முதல் +1.7 வரை வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) கொடுக்க வேண்டும். ஆனால் அதே பறவை தாழ்ந்து கருமையான மலைச்சரிவுக்கோ மரங்களுக்கோ முன்னால் வந்தால், அந்த +1.7 பறவையை வெளுத்துவிடும். பறந்துகொண்டிருக்கும்போது எத்தனை முறைதான் சக்கரத்தைத் திருப்புவீர்கள்?

பின்னணி மாறினாலும் பறவையின் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. அதனால் தெளிந்த வானமுள்ள நாளில் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கையாலேயே பூட்டிவிடுவதுதான் எங்கள் பரிந்துரை. நல்ல வெயிலில் 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கி ஒரு கரும்பருந்தை எடுத்துப் பாருங்கள். காலையில் வெயில் சாய்வாக இருக்கும்போது 800 தேவைப்படும். இறக்கையின் அடிப்பக்கம் நிழலில் இருந்தால் இன்னும் ஒரு படி கூட்டுங்கள். அரைமணிக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஐஎஸ்ஓ-வைத் தானியங்கியில் விட்டுவிட்டு ஈட்டை மாற்றுங்கள்.

செம்பருந்தின் தலையும் மார்பும் வெள்ளை, உடல் செங்கல் நிறம். உடலுக்கு ஏற்ப அளந்தால் தலை வெந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், இறகு விவரத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தலைக்கு அளந்து, உடலைப் பின்னர் கணினியில் தூக்கிக்கொள்ளுங்கள். அதற்கு ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்திருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ-வைக் கண்டு பயந்து இருட்டாக எடுப்பது பெரும் தவறு. ஐஎஸ்ஓ 3200-இல் சரியான வெளிச்சத்தில் எடுத்த படம், 800-இல் இருட்டாக எடுத்துப் பின்னால் இரண்டு படி தூக்கிய படத்தைவிட மோசமாக இருக்காது, பல கேமராக்களில் சுத்தமாகவே இருக்கும்.

ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டு மரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதே?

பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும் தொடர் ஃபோகஸ் முறையில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு பகுதியைப் பாருங்கள். வெறும் வானம் என்றால் முழுப் பரப்பையும் திறந்துவிடலாம், கேமராவுக்குக் குழப்ப வேறொன்றும் இல்லை. மரம், நாணல், கட்டடம் பின்னணியில் வந்தால் நடுவில் சிறிய பகுதியாகச் சுருக்குங்கள். பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமராக்களிலும் இதே விதிதான். பறவை படத்தில் மிகச் சிறிதாக இருக்கும்போது அந்த வசதி கண்ணைத் தேடாது, இலையைக் கண்ணென்று நினைத்துக்கொள்ளும்.

மெனுவில் ‘தடை வந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்’ என்ற வகை அமைப்பு ஒன்று இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். அதை மெதுவான பக்கம் நகர்த்துங்கள். பூனைப்பருந்து நாணலுக்குப் பின்னால் ஒரு கணம் மறைந்து வெளிவரும்போது ஃபோகஸ் நாணலுக்குத் தாவாமல் இருக்கும்.

லென்ஸின் பக்கவாட்டில் தொலைவு வரம்பு பொத்தான் இருந்தால் ‘10 மீட்டர் முதல் முடிவிலி’ போன்ற நிலைக்குத் தள்ளுங்கள். பிடி நழுவினால் லென்ஸ் காலடி வரைக்கும் போய்த் திரும்பும் ஒரு நொடி மிச்சமாகும். அதோடு, பறவை வருமுன்பே அது வரக்கூடிய தொலைவிலுள்ள மரத்திலோ கம்பத்திலோ ஒருமுறை ஃபோகஸ் செய்து வையுங்கள். லென்ஸ் மிகவும் அருகிலோ முடிவிலியிலோ நின்றுவிட்டால், வானத்தில் பறவை வெறும் புகையாகத் தெரியும். கேமராவால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வியூஃபைண்டரில் பறவையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

600 மி.மீ.-இல் தெரிவது மூன்றரை டிகிரிக்கும் குறைவான வானம். கையை நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் அளவுதான். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல், தலையையும் திருப்பாமல், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலோர் கேமராவைப் பார்க்கத் தலையைக் குனிகிறார்கள், அங்கேதான் தவறுகிறது. ஜூமை 200, 250-இல் வைத்துப் பிடித்து, பறவை நடுவில் வந்த பின் நீட்டுங்கள்.

நிற்கும் முறை: இடது கால் சற்று முன்னால், இடது உள்ளங்கை லென்ஸின் எடை நடுவில் சமநிலையாகும் இடத்தின் அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி. திரும்புவது இடுப்பிலிருந்து. பறவை போகக்கூடிய கடைசித் திசையை நோக்கிப் பாதங்களை முதலிலேயே வைத்துவிட்டு, உடலை முறுக்கித் தொடக்கத்துக்குத் திரும்பிக்கொண்டால், தொடர்ந்து எடுக்க எடுக்க முறுக்கு தளரும், அசைவு சீராகும்.

டிரைபாட் வேண்டுமா?

தலைக்கு மேல் பறப்பதற்கு வேண்டாம். கருந்தோள் பருந்து உட்கார்ந்திருக்கும் கம்பத்துக்கு எதிரே இரண்டு மணி நேரம் காத்திருப்பதானால் கிம்பல் தலையுடன் (கனமான லென்ஸைச் சமநிலையில் எளிதாகத் திருப்ப உதவும் பகுதி) வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கால் தாங்கியான மானோபாட் மேலே பார்த்து எடுக்கும்போது தொந்தரவுதான்.

மின்னணு ஷட்டரில் இறக்கை வளைந்து தெரிகிறது, ஏன்?

சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால். மெதுவாகப் படிக்கும் சென்சார்களில் அந்தக் கால இடைவெளிக்குள் இறக்கை இடம் மாறிவிடுகிறது. பருந்துகளின் சிறகடிப்பு மெதுவானது என்பதால் சிட்டுகளில் வரும் அளவுக்கு மோசமில்லை, ஆனால் கேமராவை வேகமாக நகர்த்தும்போது பின்னணியிலுள்ள மின்கம்பங்கள் சாய்ந்துவிடும். வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார் கொண்ட விலையுயர்ந்த கேமராக்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மற்றவற்றில் இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள்.

எல்லாப் படமும் மழுங்கலாக இருக்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணினியில் 100 விழுக்காட்டில் திறந்து பாருங்கள். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் கிளை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைவு, அல்லது ஷட்டர் போதவில்லை. தலை கூர்மை, இறக்கை நுனி மட்டும் கலங்கல் என்றால் சிறகின் வேகம். அது அழகாகவும் இருக்கலாம், அழித்துவிடாதீர்கள்.

விளிம்புகள் நீருக்குள் இருப்பதுபோல் நெளிந்திருந்தால், ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி நெளிந்திருந்தால், அது கானல். லென்ஸைக் குறை சொல்லிப் பலர் பழுதுபார்க்க அனுப்பும் படங்கள் இவைதான். அறுவடை முடிந்த வயல், தார்ச்சாலை, உப்பளம் ஆகியவற்றின் மேல் காலை ஒன்பது, பத்து மணிக்கே கானல் கிளம்பிவிடும். காருக்குள் ஏசி போட்டுக் கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் சன்னலிலேயே குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலந்து படத்தைக் கெடுக்கும். இதற்கு மருந்து இரண்டே. தொலைவைக் குறைப்பது அல்லது சீக்கிரம் வருவது. எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

லென்ஸின் அதிர்வுத் தடுப்பு இன்னொரு சந்தேகப் பேர்வழி. 1/2000-க்கு மேல் அதனால் பெரிய பயனில்லை. சில லென்ஸ்களில் பறவையோடு நகரும்போது எதிர்த்து இழுக்கும். நகர்த்தி எடுப்பதற்கான இரண்டாம் நிலையில் வையுங்கள், அல்லது அணைத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரியான தருணம் எப்போது வரும் என்று எப்படித் தெரியும்?

பறவையின் பழக்கம் தெரிந்தால் தெரியும். உட்கார்ந்திருக்கும் பருந்து கிளம்புமுன் பெரும்பாலும் எச்சமிடும், முன்னால் சாயும், உடலைச் சற்றே தாழ்த்தும். எச்சமிட்டவுடன் விரலைப் பொத்தானில் வையுங்கள். அரை அழுத்தத்தில் முந்தைய அரை நொடியைச் சேமிக்கும் வசதி கேமராவில் இருந்தால் அதற்கான இடம் இதுதான்.

கரும்பருந்து இரையைக் காலால் கவ்வி, பறந்தபடியே அலகுக்குக் கொண்டுபோய்த் தின்னும். ஆகவே கவ்வும் கணம் தவறினாலும் அடுத்த ஐந்து, பத்து நொடியில் தலை குனியும். அதைப் பிடிக்கலாம். செம்பருந்தும் அப்படித்தான். நீர்ப்பரப்பிலிருந்து காலால் அள்ளும், முழுகாது.

விராலடிப்பான் வேறு வகை. நீருக்கு மேல் நின்று சிறகடித்து, கால்களை முன்னால் நீட்டிப் பாய்ந்து முழுகும். எழுந்து சில மீட்டர் உயர்ந்ததும் நனைந்த நாய்போல் உடலை உதறும், துளிகள் சிதறும். பிறகு மீனைத் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிக்கொள்ளும். பாயும் கணத்தோடு நிறுத்திவிடுபவர்கள் இந்த இரண்டையும் இழந்துவிடுகிறார்கள். பழவேற்காடு ஏரியிலும் கோடியக்கரைப் பக்கமும் குளிர்காலத்தில் பாருங்கள்.

கருந்தோள் பருந்து அந்தரத்தில் நின்று, பிறகு இறக்கைகளை மேலே உயர்த்தி, கால்களைத் தொங்கவிட்டுப் படிப்படியாக இறங்கும். அந்த ஆங்கில ‘வி’ வடிவம்தான் இதன் மிக அழகான நிலை. தவறவிட்டால் பெரும்பாலும் அதே கம்பத்துக்கோ பட்டமரத்துக்கோ திரும்பும், காத்திருங்கள்.

பூனைப்பருந்துகள் வயல், சதுப்பு நிலத்துக்கு மேல் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகக் காற்றை எதிர்த்து மெல்லப் போகும். பள்ளிக்கரணையில் சேற்றுப் பூனைப்பருந்தைக் கவனித்தால் வரப்பையும் நாணல் விளிம்பையும் ஒட்டியே ஒரு பாதை வைத்திருப்பது தெரியும். பின்தொடராமல், அந்தப் பாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் ஏறக்குறைய கண்மட்டத்தில் வரும். கண்மட்டப் படத்துக்கு முன்னால் அண்ணாந்து எடுத்த நூறு படமும் ஈடாகாது.

பொரி வல்லூறு பாயும்போது மணிக்கு 300 கி.மீ.-க்கு மேல் போகும். அந்தப் பாய்ச்சலை லென்ஸில் துரத்த முயலாதீர்கள். இரையோடு திரும்பி வரும் கோபுரத்தையோ உயரமான கட்டடத்தையோ பார்த்துக் காத்திருங்கள்.

நண்பகலில் எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம், இடம் பார்த்து. உச்சி வெயிலில் இறக்கையின் அடி கருத்துவிடும். கீழே வெண்மணல், உப்பளம், நீர்ப்பரப்பு இருந்தால் அந்த ஒளி எதிரொளித்து அடிப்பக்கத்தை நிரப்பும். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் இது நன்றாகத் தெரியும். இன்னொரு வழி, பறவை வட்டமடிக்கும்போது சாய்ந்து முதுகைக் காட்டும் கணத்துக்காகக் காத்திருப்பது. பாறுகளோ (பிணந்தின்னிக் கழுகுகள்) தரை சூடேறி மேலெழும் காற்று கிடைத்த பிறகே உயரக் கிளம்பும், விடியலிலேயே அவற்றை வானத்தில் தேடிப் பயனில்லை.

இறைச்சித் துண்டு போட்டு வரவழைக்கலாமா? கூட்டருகே எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். தூவிய உணவுக்குப் பழகிய பருந்து மனிதர் கையிலிருந்தும் பறிக்கத் தொடங்கும். சாலையோரத்தில் போட்டால் வண்டியில் அடிபடும். கூடு பற்றிச் சட்டமே பேசுகிறது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சரணாலயத்தில் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். டிரோனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும் பறவை தலையை உயர்த்தி உங்களையே உற்றுப் பார்த்தால் நில்லுங்கள். சாய்ந்து கிளம்பத் தயாரானால் இரண்டடி பின்வாங்குங்கள். கிளப்பிவிட்டு எடுக்கும் படத்தில் எப்போதும் முதுகுதான் கிடைக்கும், ஆதலால் இது வெறும் ஒழுக்கப் பேச்சு அல்ல.

படத்தை வெட்டும்போது கவனிக்க வேண்டியது?

பறவை பார்க்கும் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள். இறக்கை நுனி விளிம்பைத் தொடக் கூடாது. வானத்தில் தெரியும் சென்சார் தூசியைத் துடைத்துவிடுங்கள், நீல வானத்தில் எஃப் 8-க்கு மேல் போனால் அது பளிச்சென்று தெரியும். அடையாளம் தெரியாத பறவையானால் வெட்டிய படத்தோடு நிறுத்தாமல், அடி இறக்கையும் விரிந்த வாலும் தெரியும் சுமாரான படங்களையும் வைத்திருங்கள். கழுகுகளைப் பிரித்தறிய அவைதான் உதவும்.

கடற்கரையில் எடுத்துத் திரும்பிய பிறகு?

ஈரத் துணியைப் பிழிந்து லென்ஸின் உடலையும் ஜூம் வளையத்தையும் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். உப்புப் படிவு வளையத்தை இறுக்கிவிடும். முன் கண்ணாடியில் மணல் இருந்தால் முதலில் ஊதுகுழலால் ஊதுங்கள், தேய்த்தால் கீறும். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவைப் பைக்குள்ளேயே மூடி அரைமணி வெளிக்காற்றில் வையுங்கள். இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, விடியலின் முதல் இருபது நிமிடம் துடைப்பதிலேயே போய்விடும்.